கெட்டிக்காரரும் கோஷ்டியும்

ஒரு கோஷ்டியில் மகா கெட்டிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தால் கோஷ்டிக்கு லாபமா, நஷ்டமா? "லாபந்தான், இதில் சந்தேகம் என்ன?" என்று உடனே பதில் சொல்லுகிறவர்கள் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்து பழகாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். பஜனை மடம், நாடக சபை, பள்ளிக்கூடத்துப் பந்தாட்டக் கட்சி, கூட்டுறவு சங்கம் ஆகியவற்றில் எதிலாவது பத்து நாள் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். கெட்டிக்காரர் வந்ததும் மற்றவர்கள் கை ஓய்ந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. எல்லாரும் ஒன்று கூடி அந்தக் கெட்டிக்காரரைச் சராசரி மனிதராக்கி அடக்கிவிடுவதும் உண்டு. இரண்டுமே நஷ்டந்தான்.

இந்தக் கேள்வியை அமெரிக்கக் கலாசாலைகளில் வருஷந்தோறும் கேட்கிறார்கள். அங்கே கூடைப்பந்து என்பது வெறும் விளையாட்டன்று. ஏறக்குறைய ஒரு திருவிழா. உயர்தரப் பள்ளியில் பேர்பெற்ற பிள்ளையைத் தங்கள் கலாசாலைக்கு இழுத்துக்கொள்ளப் பெரிய பெரிய பயிற்சியாளர்களெல்லாம் அவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். பதினேழு வயதுப் பையனுக்கு இத்தனை உபசாரம் நடந்தால் அவன் தலையில் எவ்வளவு கனம் ஏறும்! அந்தத் தலையோடு அவன் மற்ற நால்வருடன் சேர்ந்து ஆட வேண்டும். அங்கேதான் சங்கடம்.

கூடைப்பந்தின் பிறப்பிலேயே இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார் அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில், பழக்கூடைகளை உயரே மாட்டி இந்த ஆட்டத்தை அவர் தொடங்கினார். அவர் வகுத்த ஆதி விதிகளில் முக்கியமானது ஒன்று உண்டு. பந்தைப் பிடித்தவன் அதை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே மற்றொருவனுக்கு எறிய வேண்டும். கையில் கிடைத்ததைத் தானே வைத்துக்கொள்ளாதே என்பதுதான் இந்த ஆட்டத்தின் மூல மந்திரம். பிற்காலத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம் என்று விதி தளர்ந்தது, மந்திரம் தளரவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் வாலிபர் சங்க உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம் தேசத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் பல விளையாட்டுக்கள் ஒழுங்காக வேரூன்றியதில் அவருடைய மாணாக்கர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அமெரிக்காவின் வட கரோலினா சர்வகலாசாலையில் 1961 முதல் 1997 வரையில் டீன் ஸ்மித் என்பவர் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய கோஷ்டியில் ஒரு வழக்கம் இருந்தது. கூடையில் பந்தைப் போட்டவன், தனக்குப் பந்தைக் கொடுத்தவனை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். ஜனங்கள் கைதட்டும்போது அந்தக் கைதட்டலைப் பாதி வழியில் நிறுத்தி, "இவருக்கும் கொடுங்கள்" என்று திருப்பிவிடுவது போன்ற செய்கை இது. புதிதாக வந்த முதல் வருஷத்து மாணாக்கர் எவ்வளவு பெரிய சூரராயிருந்தாலும், சினிமாக் கருவி முதலிய சாமான்களைத் தூக்கி வருவது அவருடைய வேலை. 1981-இல் அந்தக் கோஷ்டியில் சேர்ந்த மைக்கேல் ஜார்டன் என்னும் இளைஞரும் இதற்கு விலக்கல்ல. அவ்வருஷம் நவம்பரில் ஒரு பெரிய விளையாட்டுப் பத்திரிகை, ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரின் படத்தை அட்டையில் போட விரும்பிற்று. ஸ்மித் நால்வரையே அனுப்பினார். முதல் வருஷத்துப் பிள்ளை இன்னும் ஒன்றும் சாதிக்கவில்லை. ஆகையால் அவனுக்கு அட்டைப்படம் வேண்டாம் என்பது அவருடைய தீர்மானம். பின்னாளில் உலகத்திலேயே அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட விளையாட்டுக்காரர்களில் ஒருவர் அந்த ஜார்டன்!

ஆனால் கதை இதோடு முடிந்துவிடவில்லை. 1982-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். சில விநாடிகளே பாக்கி. வட கரோலினா ஒரு புள்ளி பின்தங்கி நிற்கிறது. அப்போது பந்து யாரிடம் போயிற்று தெரியுமா? சாமான் தூக்கிய அந்தப் பிள்ளையிடம். ஜிம்மி பிளாக் என்னும் மூத்த மாணாக்கர் பந்தைக் கொடுத்தார், ஜார்டன் போட்டார், 63-க்கு 62 என்று ஜயம். அட்டைப்படத்தில் இடம் மறுத்த அதே குரு, ஆபத்து வேளையில் ஆட்டத்தையே அவன் கையில் கொடுத்தார். முந்தியது தண்டனையும் அல்ல. பிந்தியது சலுகையும் அல்ல. இரண்டும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்கள். கெட்டிக்காரன் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். கோஷ்டியோ அவன் கெட்டிக்காரத்தனத்தை அடக்கிவிடக் கூடாது.

இனி, கடல் கடந்த ஊரை விட்டு நம் தமிழ்நாட்டின் தென்கோடிக்கு வருவோம். தக்கலைக்கும் குளச்சலுக்கும் நடுவே நெய்யூர் என்னும் ஊர் இருக்கிறது. தென்னையும் வாழையும் செழித்த நாஞ்சில் நாட்டுப் பக்கம். 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த பூமி. அங்கே 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்ஸே என்னும் லண்டன் மிஷன் வைத்தியர் வந்து வைத்தியம் தொடங்கினார். அவர் போட்ட விதையிலிருந்து நெய்யூர் ஆஸ்பத்திரி வளர்ந்தது. இந்த ஆஸ்பத்திரிக்கு 1922-இல் ஒரு விருந்தாளி வந்தார். அவர் பெயர் டாக்டர் தியோடர் ஹாவர்டு ஸோமர்வெல். எந்தக் கோஷ்டியும் ஆவலோடு கொத்திக்கொண்டு போகக்கூடிய கெட்டிக்காரர் என்றால் அவர்தாம்.

ஸோமர்வெல் 1890-இல் இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரில் பிறந்தவர். பாதரக்ஷை உற்பத்தியில் பேர்போன வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்தார், லண்டனில் ரண சிகிச்சை பயின்றார். சித்திரம் எழுதுவார், சங்கீத ஞானமும் உண்டு. இவ்வளவும் போதாதென்று மலையேறுவதிலும் சூரர். 1922-இல் எவரெஸ்டு சிகரத்தின் மீது முதன்முதலாக ஏற முயன்ற கோஷ்டியில் அவர் ஒருவர். அவ்வருஷம் மே மாதம் 21-ந் தேதி அவரும் மாலரி, நார்ட்டன், மோர்ஸ்ஹெட் ஆகிய மூவரும் புறப்பட்டு, மோர்ஸ்ஹெட் தவிர மற்றவர்கள் பிராண வாயுக் கருவியின் உதவியில்லாமல் ஏறக்குறைய 27,000 அடி உயரம் வரை எட்டினர். அதற்கு முன் மனிதர் எவரும் அவ்வளவு உயரத்தில் கால் வைத்ததில்லை.

இறங்கும்போது களைத்துப்போன மோர்ஸ்ஹெட் சறுக்க, ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்ததால் மூன்று பேர் சரிந்தார்கள். நாலாமவரான மாலரி தமது பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்து அத்தனை பேரையும் காப்பாற்றினார். மலையேறுகிறவர்களின் கயிறு நமக்கு நல்ல பாடம். அதில் கட்டுண்டவர்களுள் மிக வல்லவர் தம் இஷ்டப்படி முன்னே பாய முடியாது. மிக மெலிந்தவரின் நடைதான் எல்லாருடைய நடை. அப்படியானால் வல்லவரால் என்ன பிரயோஜனம்? மெலிந்தவர் சறுக்கும் அந்த ஒரு க்ஷணத்தில் கயிறு அறுபடாமல் பிடிப்பதுதான் பிரயோஜனம்.

ஆனால் கோஷ்டி என்றால் யார் யார்? இந்தக் கேள்வியை 1922-ஆம் வருஷத்து எவரெஸ்டு மிகக் கொடூரமாகக் கேட்டது. ஜூன் 7-ந் தேதி, மாலரியும் ஸோமர்வெல்லும் கிராபோர்டும் பதினான்கு சுமையாளர்களுடன் மீண்டும் மேலே ஏறினார்கள். வழியில் பனிச்சரிவு புரண்டு வந்தது. வெள்ளைக்காரர் மூவரும் பிழைத்தனர்; மலைவாசிகளான சுமையாளர் ஏழு பேர் மாண்டனர். வெற்றி கிடைத்திருந்தால் பத்திரிகைகளில் வந்திருக்கக்கூடிய பெயர்கள் எவை என்று நமக்குத் தெரியும். அவற்றில் இந்த ஏழு பெயர்களும் இருந்திருக்குமா?

ஸோமர்வெல்லின் மனத்தை இந்தச் சம்பவம் வதைத்தது. ஆபத்தில் சரிபங்கு கொண்டவர்களுக்கு நஷ்டத்தில் மட்டும் தாங்கள் பங்கு கொள்ளவில்லையே, தங்களில் ஒருவனும் அந்தப் பனியில் கிடந்திருக்கலாகாதா என்னும் கருத்துப்பட அவர் பிறகு எழுதியிருக்கிறார். பிரபுக்களும் கூலிகளும் என்று இரண்டு வரிசையாக மனிதரைப் பிரித்து வைத்திருந்த ஏகாதிபத்திய காலத்தில் இப்படி எண்ணிய ஆங்கிலேயர் அதிகம் பேர் இல்லை. பின்னால், 1924-இல் பிரான்ஸ் தேசத்து ஷாமோனி என்னுமிடத்தில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவில் இந்தக் கோஷ்டிக்குப் பதக்கமளித்துக் கௌரவம் செய்தார்கள். அந்தக் கௌரவப் பட்டியலில் தேஜ்பீர் என்னும் கூர்க்கா வீரரும், மாண்டுபோன ஏழு பேரும் இடம் பெற்றிருக்கிறார்கள். உயிரோடிருந்தபோது சுமையாளர், மாண்ட பிறகு சகபாடிகள். அந்த மட்டிலாவது உலகம் கணக்கைத் திருத்திக்கொண்டது.

எவரெஸ்டிலிருந்து திரும்பிய ஸோமர்வெல் நம் தேசத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தெற்கே நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே கண்ட காட்சி என்ன? நீண்ட வரிசையில் நோயாளிகள். அவர்களுக்கு ரண சிகிச்சை செய்யத் தேர்ந்தவர் ஒரே ஒரு டாக்டர். விருந்தாளி தமது சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். லண்டனில் அவருக்குப் பெயரும் பணமும் காத்திருந்தன. அவற்றை விட்டு நெய்யூருக்கே வந்துவிடுவது என்று தீர்மானித்தார்.

இந்தத் தீர்மானம் ஏதோ ஒரு நாள் உணர்ச்சியில் பிறந்ததன்று என்று சொல்லலாம். 1916-ஆம் வருஷம், முதல் மகா யுத்தத்தில், ஸோம் நதிக்கரைப் போரின்போது அவர் ராணுவ ரண சிகிச்சை நிலையத்தில் இருந்தார். காயம்பட்டவர்கள் ஏக்கர் கணக்கில் தரையில் கிடத்தப்பட்டிருந்தார்கள். டாக்டர்களோ மிகச் சிலர். சாவு எதிரே நின்றபோதுங்கூட, "என்னை முதலில் பாருங்கள்" என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அந்த மௌனத்தைக் கேட்ட காதுக்கு, லண்டன் மாநகரத்தின் புகழுரை அவ்வளவு இனிப்பாக இராதது ஆச்சரியமில்லை.

1924-இல் மறுபடியும் எவரெஸ்டு. இந்தத் தடவை கோஷ்டி பழைய பாடத்தை மறக்கவில்லை என்பதற்கு ஒரு சம்பவம் சாக்ஷி. மே மாதத்தில் சுமையாளர் நால்வர் வடக்குக் கணவாய் முகாமில் இறங்க வழியின்றி அகப்பட்டுக்கொண்டார்கள். நார்ட்டன், மாலரி, ஸோமர்வெல் மூவரும் சிகரத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்த நால்வரை மீட்கக் கிளம்பினார்கள். அபாயமான சரிவின் குறுக்கே ஸோமர்வெல் போனார், கயிறு எட்டவில்லை. இருவர் சறுக்கினார்கள். அவர் கோடரியைப் பனியில் ஊன்றி, தம்மைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து அதில் சுற்றி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி அவர்களைப் பற்றி இழுத்தார். நால்வரும் பிழைத்தனர். அந்தப் பிரயாசையில் மூவருடைய பலமும் பெரிதும் கரைந்தது. சிகரத்துக்காகச் சேர்த்து வைத்த பலம் அது. ஆயினும், மனிதர்களைக் காப்பதில் செலவாகாத பலத்தை மலை உச்சியில் கொண்டுபோய் வைத்து என்ன செய்வது?

பத்து நாளைக்குப் பிறகு, ஜூன் 4-ந் தேதி, நார்ட்டனும் ஸோமர்வெல்லும் உச்சியை நோக்கிச் சென்றார்கள். 28,000 அடிக்கு அருகில் ஸோமர்வெல்லின் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு விடுவதே பெரும் பாடு. தம்மால் நார்ட்டனுக்குத் தாமதம் வேண்டாமென்று, அவரைத் தனியே போகும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், முன்னே போகும் நண்பரைப் படமும் பிடித்தார். நார்ட்டன் 28,126 அடி வரை போய்த் திரும்பினார். பிராண வாயுக் கருவியின்றி உச்சியையே எட்டியவர்கள் 1978-இல்தான் தோன்றினார்கள் என்றால், அது எவ்வளவு அரிய காரியம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இறங்குகையில் ஸோமர்வெல்லுக்கு மூச்சு முற்றிலும் அடைத்துவிட்டது. குரல் எழவில்லை, முன்னே சென்ற நார்ட்டனோ இவர் சித்திரம் எழுத உட்கார்ந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு நடந்தார். மரணம் நெருங்கிய அந்த நிலையில், இரு கைகளாலும் மார்பை அமுக்கி ஒரு கடைசி இருமல் இருமினார். தொண்டையை அடைத்திருந்த சவ்வு பெயர்ந்து வந்தது, உயிர் பிழைத்தார். பிறகு மாலரி உச்சிக்குக் கிளம்பியபோது, சட்டைப் பைக்குள் அடங்கும் தமது சிறு காமிராவை அவரிடம் கொடுத்தார். ஜூன் 8-ந் தேதி மாலரியும் இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். மாலரியின் உடல் 1999-இல் அகப்பட்டது. அதனோடு காமிரா இல்லை. அந்தக் கோஷ்டியின் பெரிய கேள்விக்கு விடை ஸோமர்வெல்லின் காமிராவுக்குள் இருக்கலாம் என்று மலையேறும் உலகம் பல காலம் நம்பி வந்திருக்கிறது.

அதன் பின் நெய்யூரே அவருடைய சிகரமாயிற்று. இருபது வருஷங்களுக்கு மேல் அங்கே உழைத்தார். அதே 1924-இல்தான், அதே திருவிதாங்கூரில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. தெருவிலே ஒருவர்க்கொருவர் இத்தனை முழம் விலகி நடக்க வேண்டுமென்று கணக்குப் போட்ட நாடு அது. ஆனால் குடற்புண்ணும் வாய்ப்புற்றும் ஜாதி விசாரித்துக்கொண்டு வருவதில்லை. ஆஸ்பத்திரி என்பது எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடும் இடம்.

மிஷன் ஸ்தாபனங்களின் நோக்கம் பற்றி நம்மவர்களுக்குள் பல அபிப்பிராயங்கள் உண்டு; அவற்றை விவாதிக்க இது இடமல்ல. நாம் கவனிக்க வேண்டியது, எவரெஸ்டு வீரர் என்ற கீர்த்தியோடு வந்த ஒருவர் அந்த ஆஸ்பத்திரியின் ஒழுங்கிலே எப்படிப் பொருந்தினார் என்பதே. அவர் வருவதற்குப் பல்லாண்டு முன்னரே நெய்யூர் ஒரு கோஷ்டியாக இயங்கி வந்தது. 1860-க்களில் அங்கிருந்த டாக்டர் ஜான் லோ என்பவர் உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பிக்கும் வகுப்பை ஏற்படுத்தினார். அப்படிப் பயின்றவர்களைக் கொண்டு கிளை வைத்தியசாலைகள் பல ஊர்களில் எழுந்தன. கத்தியைப் பிடிப்பவர் ஒருவர். மயக்க மருந்து கொடுப்பவர், கருவி எடுத்துக் கொடுப்பவர், இரவெல்லாம் விழித்து நோயாளியின் நாடியைப் பார்ப்பவர், கஞ்சி காய்ச்சுபவர் எத்தனையோ பேர். இவர்களில் ஒருவர் தவறினாலும் கத்தி பிடித்த கையின் சாமர்த்தியம் வீண்தான்.

தென் திருவிதாங்கூரில் குடற்புண் மிக அதிகம். மரவள்ளிக் கிழங்கை மிகுதியாக நம்பி வாழ்ந்த ஏழைகளின் உணவுக்கும் இந்நோய்க்கும் சம்பந்தம் உண்டா என்றும் ஆராய்ந்தார்கள். குடற்புண் ரண சிகிச்சையில் ஸோமர்வெல் பெரும் பெயர் பெற்றார். 1936-இல் இதைப் பற்றி ஆங்கிலேய ரண சிகிச்சைப் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயர் மட்டும் இல்லை. உடன் உழைத்த டாக்டர் ஆர் என்பவரின் பெயரும் இருக்கிறது. கூடையில் பந்து விழுந்ததும் பந்து கொடுத்தவரை விரலால் சுட்டுவது என்று சொன்னோமே, அதற்கு வைத்திய உலகத்தில் பெயர் இதுதான். பிறகு 1949 முதல் 1961 வரையில் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலையில் தாம் கற்றதை இளைஞர்களுக்குக் கற்பித்தார். 1975-இல் இங்கிலாந்தில் காலமானார். திருவனந்தபுரம் ஜில்லாவில் காரக்கோணத்திலுள்ள வைத்தியக் கலாசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாஞ்சில் நாட்டாருக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் அறிவார்கள். நடுவே வில்லடித்துக் கதை சொல்லும் தலைமைப் பாடகர்தாம் கெட்டிக்காரர். ஆனால் குடமடிப்பவர் தாளம் தவறினாலோ, உடுக்கை பிந்தினாலோ, பக்கப்பாட்டுக்காரர் "ஆமாம்" போட மறந்தாலோ கதை எங்கே நிற்கும்? தலைமைப் பாடகரின் குரல் உயரும்போது மற்றவர்கள் தணிகிறார்கள். அவர் மூச்சு வாங்கும்போது மற்றவர்கள் அடியை எடுத்துக்கொள்ளுகிறார்கள். எவர் தணிவது, எவர் உயர்வது என்பதைக் கதைதான் தீர்மானிக்கிறது.

"கோஷ்டிதான் பெரிது" என்னும் வாக்கியத்தில் ஓர் அபாயமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கெட்டிக்காரப் பிள்ளையைத் தட்டி வைப்பதற்கும், கீழே இருப்பவர்களின் வாயை அடைப்பதற்கும், தலைவரின் பிழையை மூடி மறைப்பதற்கும் இந்த வாக்கியத்தைப் போல வசதியான போர்வை வேறு இல்லை. ஆகையால் ஒரு கோஷ்டி உண்மையிலேயே கோஷ்டிதானா என்று பரீக்ஷை செய்ய மூன்று கேள்விகள் போதும். இங்கே பெரிய கெட்டிக்காரரும் சிறிய வேலையைச் செய்கிறாரா? ஆபத்து வேளையில் பந்தை அவர் கையில் நம்பிக் கொடுக்கிறார்களா? சுமை தூக்கியவரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே சேரலாம். ஏதாவது ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தால் அது கோஷ்டியல்ல; கும்பல்.

இன்று நம் வீடுகளில் பிள்ளைகளை முதல் மார்க்கு வாங்கச் சொல்லித்தான் வளர்க்கிறோம். அதில் தவறு இல்லை. பலமில்லாதவன் கயிற்றின் மறு நுனியைப் பிடிக்க முடியாது. ஆகையால் முதலில் பலம் வேண்டும். ஆனால் மார்க்கு வாங்கி வந்த பிள்ளையிடம், "உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நீ யாருக்குச் சொல்லிக் கொடுத்தாய்?" என்று எத்தனை வீட்டில் கேட்கிறோம்? கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை விழித்தால் நாளைக்கு விடையோடு வரட்டும். விரலை நீட்டி ஒரு சிநேகிதனைச் சுட்டிக் காட்டினால், அன்றைக்கு அவனுக்கு ஒரு தோசை அதிகம் போடலாம், சிநேகிதனுக்கும் சேர்த்து!